கடைசி வீட்டில் இரண்டு பேர்

வீடு வரைகிறவளுக்கு முதலில் வேண்டியது தலைக்கணக்கு. எத்தனை பேர் குளிப்பார்கள், எத்தனை பேர் சாப்பிடுவார்கள், எத்தனை பேர் படுப்பார்கள் என்று தெரியாமல் ஒரு கோடுகூட இழுக்க முடியாது. எங்கள் தீவில், சுருவில் பக்கம் ஒரு பெரிய வளவுக் காணியில் பதினொரு வீடுகளைச் சேர்த்து வரைந்து தரும்படி என்னைக் கேட்டார்கள். தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் சாப்பாட்டையும் அந்த வளவே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது யோசனை. அப்படியென்றால் தலைக்கணக்கு இன்னும் முக்கியம். ஒரு ஆளுக்கு இவ்வளவு தண்ணீர், இவ்வளவு வெளிச்சம், இவ்வளவு கறி என்றுதான் எல்லாமே தொடங்கும். குடிவரப்போகிற குடும்பங்களை ஒரு வேப்பமரத்தின் கீழ் கூட்டி வைத்திருந்தார்கள். எனக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணீர் தந்தார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனேன். ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

"எங்கடை வீட்டிலை ஏழு பேர், பிள்ளை," என்றார் ஒரு பெரியவர். "மூண்டு பேர் லண்டனிலை. ஒருத்தி பாரிசிலை. மூத்தவன் வன்னியிலை செல்லடியிலை மோசம் போட்டான்."

"இப்ப இஞ்சை எத்தினை பேர், ஐயா?"

"இப்ப நானும் இவவும்தான்."

எல்லோரும் இப்படித்தான் எண்ணினார்கள். முதலில் பெரிய எண்ணாகச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டு வந்து, மிஞ்சின விரலைக் காட்டுவார்கள். எனக்குக் கோபம் கெதியில் வரும். "ராத்திரி இஞ்சை படுக்கிற ஆக்களை மட்டும் சொல்லுங்கோ" என்று கொஞ்சம் உரத்தே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு குரல்கள் தணிந்துபோயின. இரண்டு, ஒன்று, மூன்று, ஒன்று. நானே அந்த மரத்தின் கீழ் இருந்து ஆட்களைக் கொன்றுகொண்டு வருவதுபோல எனக்கு இருந்தது. தேத்தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

ஓரமாக இருந்த ஒரு அக்கா மட்டும் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். "ரெண்டு பேர். நானும் மகனும்."

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒரு ஆளாவது இருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். கிழக்கு எல்லையோரம் இருந்த கடைசி வீட்டை அவருக்கு ஒதுக்கினேன். அவருக்கு ஒரு அறை, மகனுக்கு ஒரு அறை. பிறகு அந்த வளவில் எல்லோருக்கும் அவர் கடைசி வீட்டு அக்கா ஆகிவிட்டார்.

என்னுடைய ஊர் கரம்பொன். எங்கள் வீடும் பூட்டித்தான் கிடக்கிறது, ஆகவே வெறும் வீடு எனக்குப் புதிதல்ல. தீவில் எந்த ஒழுங்கையால் போனாலும் கூரை இல்லாத வீடுகள் நிற்கும். ஜன்னல் இருந்த ஓட்டையால் அரசமரம் எட்டிப் பார்க்கும். ஆள் போய் எத்தனை காலமானாலும் அது இன்னும் கனடாக்காரர் வீடு, சுவிஸ்காரர் வீடு. இருக்கிறவர்களுடைய வீட்டுக்குத்தான் பேர் இல்லை.

நாங்கள் கட்டின வளவும் அப்படியான ஒன்றுதான். தென்பகுதியில் கடை வைத்துச் சம்பாதித்த ஒரு குடும்பம் அங்கே கல்வீடு கட்டி வாழ்ந்திருக்கிறது. அவர்கள் இப்போது கனடாவில் இருக்கிறார்கள், காணியை அவர்கள்தான் மனம் விரும்பிக் கொடுத்தார்கள். நான் போனபோது பற்றையும், தலை இல்லாத சில பனைகளும்தான் அங்கே நின்றன. மழைநீர்த் தொட்டிக்குக் கிடங்கு வெட்டினபோது ஒரு முழத்துக்குக் கீழே சிவப்புச் சீமெந்துத் தரை வந்தது. நன்றாக மினுக்கின தரை. ஒரு மூலையில் சுவரின் அடியும், அதில் அடுப்புப் புகையின் கறுப்பும் அப்படியே இருந்தன. வேலையாட்கள் மண்வெட்டியைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

குடியிருப்புக் குழுவின் தலைவர் தபாற்கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் உரியவருக்குச் சேர்ப்பித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அந்த மூலையைப் போனில் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினார். பின்னேரம் அங்கிருந்து ஒரு வயதான அம்மா என்னோடு பேசினார். "அந்த மூலையிலைதான் அம்மி கிடந்தது. கண்டனீங்களோ?" என்று கேட்டார். அம்மி இல்லை என்றேன்.  பிறகு "சரி, நீங்கள் வெட்டுங்கோ" என்றார். வெட்டினோம். அந்தத் தொட்டித் தண்ணீரில்தான் இப்போது முழு வளவுக்கும் சமையல். முதல் முறை அதை வாயில் வைத்தபோது அந்த அம்மியைத்தான் நினைத்தேன். 

வரைவதற்கும் கட்டுவதற்கும் இடையில் நான் பிடித்த சண்டைகளை எழுதினால் ஒரு புத்தகம் வரும். பொதுச் சமையற்கூடத்தின் கூரையில்தான் சோலார் தகடுகள். நம்முடைய ஊரில் தகடு தெற்குப் பார்த்தால்தான் வெயிலை முழுதாகக் குடிக்கும். கூரையைத் தெற்குப் பக்கம் சரித்து, வாசலையும் அந்தப் பக்கமே வைத்தேன். தெற்கு யமனுடைய திசை, அந்தப் பக்கம் ஆர் வாசல் வைப்பது என்று தலைவர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் கூரை தெற்கு, வாசல் கிழக்கு என்று ஒத்துக்கொண்டோம். சமையல் வாயுவுக்குக் கக்கூசுக் குழியையும் இணைப்பதாகத்தான் என் படத்தில் இருந்தது. "கக்கூசு நெருப்பிலை காய்ச்சின சோத்தை நீங்கள் தின்பியளோ, மிஸ்?" என்று குசினிக்குப் பொறுப்பான தங்கச்சி கேட்டாள். தின்பேன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஊர் முழுக்கக் கேட்பாரில்லாமல் திரிகிற மாடுகளின் சாணத்தை அள்ளிப் போடுவது என்று முடிவாயிற்று. அந்த மாடுகளும் எஜமான் இல்லாதவைதான். கொழும்பில் இருந்து வருகிறவர்களுக்குத் 'தன்னிறைவு' என்று சொல்ல நல்ல ஆசை. இங்கே சாணத்தை மாடு தரும், தோட்டத்தையும் அதே மாடு தின்னும்.

கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் கத்தரி நிற்கும், முருங்கை நிற்கும், மிளகாய் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கும். குளிக்கிற தண்ணீர் வாழைக்குப் போனது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பங்கு. ஒரு பங்குக்குக் கிழமையில் ஒரு காலை தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். அதற்கு மத்தியானச் சாப்பாடு பொதுக் குசினியில் கிடைக்கும். காலையும் இரவும் அவரவர் வீட்டில். எல்லோரும் குடிவந்து, குடிபூரல் முடிந்து எல்லாம் ஒருவாறு ஓடத் தொடங்கின பிறகும், தகட்டையும் பற்றரியையும் பார்க்க நான் பட்டினத்தில் இருந்து அடிக்கடி போய் வந்தேன். உப்புக்காற்று தகட்டில் படிந்துகொண்டே இருக்கும், யாராவது அதைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

சோளகக் காற்று வீசுகிற ஒரு நாள். எந்த வீட்டுக்கு எவ்வளவு மின்சாரம் போகிறது என்று காட்டுகிற பெட்டி சமையற்கூடத்துச் சுவரில் இருக்கிறது. கடைசி வீட்டில் பகல் முழுக்க ஒரே அளவில் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. கடைசி வீட்டு அக்காவோ என் கண்ணுக்கு முன்னால் கத்தரிக்கு மண் அணைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, உங்கடை வீட்டிலை எங்கையோ கரண்ட் ஒழுகுது போலை. ஒருக்கால் பாக்கட்டோ?"

"போய்ப் பாரும். கதவு சும்மா சாத்தித்தான் கிடக்கு."

போனேன். மகனுடைய அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கட்டிலில் விரித்த துணியின் ஓரம் காற்றில் எழும்பி எழும்பி விழுந்தது. தலையணைக்குப் பக்கத்தில் மடித்த சாறம். சுவரில் நீலச் சேட்டு ஒன்று, தோள் மட்டும் நிறம் போயிருந்தது. அந்தக் கட்டிலில் ஒருவரும் படுத்து எழும்பவில்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது. ஆனாலும் ஆள் இப்போதுதான் வெளியே போயிருக்கிறது என்று அந்த அறை சொன்னது. எனக்குப் பயம் வந்தது. பட்டப் பகலில், நானே வரைந்த அறைக்குள் நின்றுகொண்டு பயந்தேன்.

பின்னால் அக்கா வந்து நின்றார். கையில் மண்.

"அவன் வெயிலுக்கை வாறவன், பிள்ளை. வந்த உடனை காத்து வேணும்."

"எங்கை போட்டார்?"

"பட்டினத்துக்கு."

"எப்ப போனவர்?"

கையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார். கடைசிச் சண்டை தொடங்குவதற்கு முதல், ஒரு காலை சைக்கிளில் போயிருக்கிறான். அல்லைப்பிட்டிச் சந்தியில் கண்டதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அதற்கு அப்பால் கண்டவர் இல்லை. இவர் ஏறாத கந்தோர் இல்லை, நிற்காத வரிசை இல்லை. இருந்தால் இப்போது தலை நரைக்கத் தொடங்கியிருக்கும்.

நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் என் வாய் அப்படியானதல்ல. "அக்கா, அண்டைக்கு நான் இஞ்சை படுக்கிற ஆக்களைத்தானே கேட்டனான்?" என்றேன்.

"ஓம். அவன் ராத்திரி வீட்டிலைதான் படுப்பான். ஒரு நாளும் வெளியிலை தங்கமாட்டான்."

 தொட்டியின் ஆழத்தில் அவனுக்கும் தண்ணீர் இருந்தது. கூரையில் அவனுக்கும் தகடு இருந்தது, பாத்தியில் அவனுக்கும் கத்தரி நின்றது. எல்லாவற்றையும் நான்தான் கணக்குப் பார்த்துப் போட்டிருந்தேன். மின்விசிறியை நிறுத்தவில்லை. கதவை முன்போலவே சாத்திவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் மற்றவை கண்ணில் பட்டன. அக்கா கிழமையில் இரண்டு காலை வேலை செய்தார், ஒன்று அவருக்கு, மற்றது மகனுக்கு. மத்தியானம் இரண்டு தட்டு அடுக்குப் பாத்திரத்தோடு குசினிக்கு வந்து இரண்டு பேருடைய சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போவார். மகனுடையதைக் கோப்பையால் மூடி வைத்துப் பொழுதுபடும்வரை பார்த்துவிட்டு, வளவில் படுக்கிற நாய்க்குப் போடுவார். மீன் கறி என்றால் ஒரு பங்கு மீன்தான் வாங்குவார், அதுவும் மகனுக்கு. அவன் திரும்பி வரும்வரை மீனோ இறைச்சியோ ஒரு மச்சமும் வாயில் வைப்பதில்லை என்று நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்திருந்தார். தீவில் பிறந்து வளர்ந்த ஒருவர் இத்தனை வருடம் மீன் இல்லாமல் இருப்பது என்னவென்று தீவாருக்குத்தான் தெரியும். ஒரு நண்டுக் குழம்பு கொதிக்கிற வாசத்தில் எனக்கு மூளையே வேலை செய்யாது.

மாரி தொடங்கினபோது அக்காவின் முழங்கால் வீங்கியது. முதுகுக்குக் கீழே நாரியைப் பிடித்துக்கொண்டு பாத்தியில் குந்துவதைப் பார்க்க எல்லோருக்கும் மனம் கேட்கவில்லை. குழுக் கூட்டத்தில் தலைவர் அக்காவைப் பார்த்து மெதுவாகத்தான் தொடங்கினார்.

"தங்கச்சி, கோவிக்காதையும். மகன்ரை பங்கை எடுத்துவிட்டா உமக்கு ஒரு நாள் வேலைதான். உமக்குச் சுகம்தானே?"

"எடுத்தா அவன் இல்லை எண்டெல்லோ அர்த்தம்?" என்றார் அக்கா.

"அப்பிடி ஆர் சொன்னது? வந்தா அண்டைக்கே திருப்பிச் சேர்ப்பம்."

"இவ்வளவு நாளும் கந்தோர்க்காரர்தான் செத்தவன் எண்டு எழுதித் தாறம், கையெழுத்து வையுங்கோ எண்டு கேட்டவை. நான் வைக்கேல்லை. இப்ப நீங்களும் கேக்கிறியள்."

தலைவருக்கு முகம் கறுத்துப்போயிற்று. அவருக்கே ஒரு பிள்ளை சண்டையில் போயிருந்தது.  பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைக்கணக்கு எடுத்தவள் நான், ஆகவே தீர்ப்பும் நானே சொல்ல வேண்டுமாம். எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது, அக்கா மேலும்தான்.

"இந்தத் தீவிலை ஆளில்லாத வீட்டுக்கெல்லாம் பூட்டும் போட்டு, விளக்கு வைக்க ஆளும் வைச்சிருக்கிறம்," என்றேன். "ஒரு கோப்பைச் சோத்துக்கோ வழக்கு? கிடக்கட்டும் அது."

கிடந்தது. கிடந்தது மட்டும் அல்ல, அந்தக் கூட்டத்துக்குப் பிறகு வளவின் மனமே மாறிப்போயிற்று. மகனுடைய காலை வேலையை ஆளுக்கு ஒரு கிழமை மாறிச் செய்தார்கள். "இண்டைக்கு நான் தம்பிக்குப் பதில்" என்று சொல்லிக்கொண்டு மண்வெட்டியை எடுப்பார்கள். குசினித் தங்கச்சி அவனுடைய தட்டில் பொரியல் கொஞ்சம் கூட வைப்பாள். அவனை ஒருநாளும் கண்டிராத பிள்ளைகள்கூட அவனை மாமா என்றன. அக்காவின் முகம் தெளிந்தது. எனக்கு மட்டும் அது முழுதாகச் சந்தோஷமாக இல்லை. ஒரு ஆளைச் சுற்றி எல்லோரும் இவ்வளவு மெதுவாகப் பேசி, இவ்வளவு அன்பாக நடப்பதை நான் வேறு வீடுகளில் பார்த்திருக்கிறேன். எங்கே என்று அப்போது நினைவு வரவில்லை.

தைக்குப் பிறகு தோட்டம் நிறையக் காய்த்தது. அரிசியையும் கடலில் வருவதையும் தவிர மிச்சம் எல்லாம் வளவிலேயே விளைந்த ஒரு சாப்பாட்டை, வளவின் நெருப்பிலேயே சமைத்து எல்லோருமாக இருந்து சாப்பிடுவது என்று தீர்மானித்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அந்தச் சாப்பாட்டில் கடைசி வீட்டுத் தம்பியையும் மறக்கக் கூடாது என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அக்காவுக்குச் சொல்லாமல், ஒவ்வொருத்தியாக, வேறு வேறு நாளில் போய்க் கதையோடு கதையாகக் கேட்டிருக்கிறார்கள். மகனுக்கு என்ன கறி விருப்பம்? என்ன பலகாரம்? மீனில் எது? அக்காவும் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். ஒருத்தி கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைத்தாள், ஒருத்தி முருங்கைக்காய்ப் பால்கறி. ஒருத்தியின் புருஷன் துறைக்குப் போய்ச் சுறா வாங்கி வர, அவள் அதை உதிர்த்து வறை செய்தாள். இன்னொருத்தி நண்டு. வடை ஒரு வீட்டில், பயற்றம் பணியாரம் இன்னொரு வீட்டில். ஒருத்தி செய்தது மற்றவளுக்குத் தெரியாது. அவனோடு படித்த ஒருவர், அவன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குடிப்பது என்று சொல்லி, ஒரு சிவப்புச் சோடாப் போத்தலும் வாங்கி வந்திருந்தார்.

சமையற்கூடத்தில் பாய்களை நீளத்துக்கு விரித்து வாழையிலை போட்டோம். அக்கா பச்சை மிளகாய் ஆய்ந்து வருகிறேன் என்று தோட்டத்துக்குப் போயிருந்தார். அவர் வந்து பார்க்கும்போது சந்தோஷப்படட்டும் என்று தலைவர் சொன்னார், "முதல் இலை தம்பிக்குப் போடுங்கோ. பிறகு மற்ற ஆக்கள்." பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தன்தன் சட்டியோடு வந்து அந்த ஒரு இலையில் வைத்தார்கள். சோறு, அதன் மேல் நண்டுக் குழம்பு, சுறா வறை, பால்கறி, பொரித்த குழம்பு, வடை, பணியாரம், வாழைப்பழம். கூட்டாளி சோடாவைத் திறந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். எல்லோரும் எழும்பி நின்று பார்த்தோம்.

அப்போதுதான் தெரிந்தது. ஆருக்கு முதல் தெரிந்தது என்று சொல்ல முடியாது. சட்டியோடு நின்றவள் சட்டியோடு நின்றாள். பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

அந்த வளவில் எட்டுச் செலவு பார்க்காத ஆள் கிடையாது. ஒருவர் செத்து எட்டாம் நாள், அவருடைய வாய்க்குப் பிடித்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சமைத்து, மச்சமும் பலகாரமும் குடிக்கிறதுமாக ஒரே இலையில் படைத்துவிட்டு நிற்போம். உயிரோடு இருக்கிற ஒருவருக்கு விருப்பமான எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒருவரும் சமைப்பதில்லை. ஒன்றிரண்டு செய்வோம், மிச்சத்தை நாளைக்குச் செய்வோம். நாளை இல்லாத ஆளுக்குத்தான் எல்லாம் ஒரே இலையில் வரும். நாங்கள் எல்லோரும் சேர்ந்து, பாசத்தோடு, அவனுக்கு அதைச் செய்து முடித்திருந்தோம்.

ஒரு காகம் வந்து அரைச்சுவரில் இருந்தது. சோறு கண்டால் காகம் வரும்தான். விரட்டினாலும் பிழை, விட்டாலும் பிழை. ஒருவருடைய கையும் எழும்பவில்லை.

அக்கா மிளகாயை மடியில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். சிரித்துக்கொண்டுதான் வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார், பிறகு இலையைப் பார்த்தார்.

"ஆர் படைச்சது?"

"படைக்கேல்லை அக்கா," என்றாள் குசினித் தங்கச்சி.  "சத்தியமாப் படைக்கேல்லை. ஆளுக்கு ஒண்டாச் சமைச்சம். தம்பிக்கெண்டு போட்டு வைச்சனாங்கள். இப்பதான்..." அவள் குனிந்து இலையைத் தூக்கப் போனாள்.

"தொடாதை," என்றார் அக்கா. "எடுத்து எங்கை கொண்டுபோய் வைப்பாய்? சந்தியிலையோ?"

அவள் கையை எடுத்துவிட்டாள். படைத்ததைச் சந்தியில் கொண்டுபோய் வைப்பதுதான் வழக்கம். அப்படியே விட்டால் அது படையல். வெளியே கொண்டுபோனாலும் படையல். காகம் வாய் வைத்தால் பேச்சே இல்லை. அந்த வீட்டு ஆள் ஒருவர் இருந்து சாப்பிட்டால் மட்டும்தான் அது வெறும் சோறாகும். அந்த வீட்டில் இன்னொரு ஆள் அக்காதான். சோறு முழுக்க நண்டுக் குழம்பு ஊறிக் கிடந்தது. அவன் வருவதற்காக அவர் இத்தனை வருடம் காத்த நேர்த்தியும் எல்லோருக்கும் தெரியும். அவனை உயிரோடு வைத்திருப்பதானால் அவனைக் கூப்பிடுகிற நேர்த்தியை முறிக்க வேண்டும். நேர்த்தியைக் காப்பதானால் அவனைச் செத்தவனாக விட வேண்டும். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும் போல இருந்தது. ஓடவில்லை. 

அக்கா மடியிலிருந்த மிளகாயைப் பாயில் கொட்டினார். வாசலடிக் குழாயில் கையைக் கழுவினார். வீங்கின காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு அந்த இலைக்கு முன்னால் இருந்தார்.

"அவன் வரச் சுணங்கும்," என்றார். "ஆறினாச் சாப்பாடு நல்லாயிராது. நான் சாப்பிடுறன்."

முதலில் சுறா வறையில்தான் கை வைத்தார். வாய்க்குள் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.  பிறகு மெல்லத் தொடங்கினார். நண்டின் காலைக் கடிக்கும் சத்தம் சமையற்கூடம் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுதார்கள். தலைவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அக்கா அழவில்லை. ஒரு சோறு மிச்சம் விடாமல் வழித்துச் சாப்பிட்டார். சோடாவைக் குடித்தார். காகம் எப்போது எழும்பிப் போனது என்று நான் பார்க்கவில்லை.

"எல்லாரும் இருங்கோவன்," என்றார் எழும்பும்போது. "எனக்கு வயிறு நிறைஞ்சிட்டுது." இருந்தோம். நாங்கள் சாப்பிட்டதில் ஒன்றுக்கும் ருசி தெரியவில்லை.

அன்று நான் பட்டினம் திரும்பவில்லை, தலைவர் வீட்டில் தங்கினேன். அடுத்த நாள் வாயுக் குழாயில் ஒரு வேலை இருந்தது. மத்தியானம் குசினியில் நின்றபோது கடைசி வீட்டு அக்கா நொண்டிக்கொண்டு வந்தார். கையில் அதே இரண்டு தட்டுப் பாத்திரம். குசினித் தங்கச்சி அவரை நிமிர்ந்து பார்க்கப் பயந்து அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"ரெண்டு பேருக்கு," என்றார் அக்கா. "எனக்கு மச்சம் வேண்டாம். நேற்றோடை பழசெல்லாம் போச்சுது. நேர்த்திக்கு இண்டைக்குத்தான் முதல் நாள்."

குசினித் தங்கச்சி கீழ்த் தட்டில் சோறும் கத்தரிக்காயும் வைத்தாள். மேல் தட்டில் சோற்றோடு ஒரு துண்டு மீனும் வைத்து மூடிக் கொடுத்தாள்.